எஃபுவாவுக்குச் சொன்ன அர்த்தம்

கிளறாவைக் கேட்டால், தன் வாயில் ஒரு கெட்ட வார்த்தையும் வந்ததில்லை என்பாள். மன்னார்ப் பக்கம் பேசாலையில் பிறந்தவள். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து எட்டு வருடமாகியும் ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள். அவள் சொல்வது பொய்யும் அல்ல. எங்கள் சனம் 'காப்பிலி' என்ற சொல்லைக் கெட்ட வார்த்தைகளோடு சேர்ப்பதே இல்லையே! ஆபிரிக்கக்காரர் யாரைக் கண்டாலும் எங்களுக்குக் காப்பிலிதான். அவர்களுக்கு எங்கே தமிழ் விளங்கப்போகிறது என்ற துணிவு வேறு. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் மனிதர் இருக்கும்போதே அவருடைய நிறத்தையும் தலைமயிரையும் பற்றிக் கூச்சமில்லாமல் கதைத்துக்கொண்டு போவோம்.

கிளறா வேலை செய்தது ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில். படுக்கையை விட்டு எழும்ப முடியாத மனுசி. பகலில் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, உடுப்புத் தோய்ப்பது கிளறா. இரவுக்கு வருவது எஃபுவா என்ற கானா நாட்டுக்காரி. பின்னேரம் வீட்டுக் கதவின் திறப்புக் கைமாறும் நேரத்தில் இருவரும் குசினியில் நின்றபடி கொஞ்சம் கதைப்பார்கள். வேலை செய்து பழகிய இத்தாலியன்தான் இருவருக்கும் பொதுப் பாஷை. அவர்கள் கதைத்ததை நான் எங்கள் தமிழிலேயே போடுகிறேன், அதுதான் எனக்குச் சுகம்.

எஃபுவா கிளறாவுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை அம்மாள் வருத்தம் என்ற அம்மை நோய் வந்து கிளறா படுத்தபோது, பகல் வேலையையும் தானே பார்த்தாள். சிஞ்ஞோராவின் மருமகள் தொலைபேசியில் கேட்டால், "கிளறா இப்பத்தான் கடைக்குப் போனவள்" என்று சமாளித்தாள். மருமகளுக்குத் தெரிந்திருந்தால் அடுத்த நாளே வேறு ஆளைப் பிடித்திருப்பாள். உடம்பில் கொப்புளம் ஆறி வேலைக்குத் திரும்பிய கிளறாவிடம் எஃபுவா ஒரு நன்றிகூட எதிர்பார்க்கவில்லை.

இத்தனைக்கும், ஒவ்வொரு பின்னேரமும் கிளறா புருஷன் கிறிகோரிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வது இதுதான்:

"காப்பிலி இன்னும் வரேல்லை. வந்த உடனை வெளிக்கிடுறன்."

எஃபுவா காது கூர்மையானவள். தான் வாசலில் காலை வைக்கும்போதெல்லாம் அந்தச் சொல் கேட்பதைக் கவனித்திருக்கிறாள். மாரிகாலத்தில் ஒருநாள் கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"காப்பிலி எண்டு நீ சொல்லுறது என்னைத்தானே? என்ன அர்த்தம்?"

கிளறாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா?

"அது... காப்பு எண்டால் பாதுகாப்பு. காப்பிலி எண்டால் குஸ்தோதே. ஆக்களைக் காக்கிறவள். நீ சிஞ்ஞோராவை இரவிரவாய்க் காக்கிறாயெல்லோ, அதுதான்."

குஸ்தோதே என்றால் இத்தாலியனில் காவலர். கோயிலுக்கும் இருப்பார், அரண்மனைக்கும் இருப்பார், மதிப்பான சொல். தமிழ் இலக்கணம் படித்த எவரும், 'இலி' என்று முடிந்தால் இல்லாதவர் என்று பொருள், காப்பிலி என்றால் காப்பு இல்லாதவள் என்றுதானே வரும் என்று கிளறாவின் காதைத் திருகியிருப்பார்கள். அங்கே நின்றது எஃபுவா மட்டும்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு இந்த ஊரிலை ஒருத்தரும் இப்பிடி ஒரு பேர் வைச்சதில்லை" என்றாள்.

அன்றிலிருந்து கதவைத் திறக்கும்போதே, "காப்பிலி வந்திட்டாள்!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். முதல் இரண்டு நாள் கிளறாவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. பிறகு பழகிவிட்டது. பழகாமல் என்ன, கிறிகோரிக்குச் சொல்லிச் சிரிக்கும் அளவுக்கே பழகிவிட்டது. கிறிகோரி ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவன். அவன் வாயில் விழுந்தது ஊர் முழுக்கப் போகும். ஒரு கிழமைக்குள் பங்குக் கோயில் தமிழர் எல்லோருக்கும் அது பெரிய பகிடியாகிப் போயிற்று.

தொண்ணூற்றேழாம் ஆண்டு பங்குனி மாதம் கானா சுதந்திரமடைந்து நாற்பது வருடம். பலெர்மோவில் உள்ள ஆபிரிக்க அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு விழா வைத்தன. நாளும் நல்ல நாள், வியாழக்கிழமை. வீட்டு வேலைக்காரருக்கு அரைநாள் லீவு. ஏற்பாட்டுக் குழுவில் குமாரென் என்ற மொரீசியஸ்காரனும் இருந்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தமிழ் வம்சம், தமிழ் மட்டும் பேச வராது. தன் தீவு ஆபிரிக்காவைச் சேர்ந்தது என்று குழுவில் பெருமையாகப் போய் இருந்தவன். அவன்தான் பூசை முடிந்து வந்த எங்களைக் கோயில் முற்றத்தில் மறித்து இத்தாலியனில் அழைத்தான்.

"உங்களுக்கு எண்டு முன்வரிசை ஒதுக்கிறம். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிறதைப் பற்றிச் சட்டத்தரணி ஒருத்தர் விளக்கம் தருவார்."

மேளத்துக்கு நாங்கள் போயிருக்க மாட்டோம். பெர்மெஸ்ஸோ என்றதும் போனோம். வதிவிட அனுமதிக் கடதாசிக்கு எங்கள் சனம் எரிமலைக்குள்ளும் இறங்கும்.

ஊர்வலம் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தில் தொடங்கி வியா மக்வேதா என்ற தெரு வழியாக வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்புத் துணிகள், தோளில் தொங்கிய மேளங்கள், முதுகில் கட்டிய குழந்தைகள். வேலைக்கு ஒப்பந்தம் வேண்டும், வாடகை வீட்டுக்கு நியாயம் வேண்டும் என்று எழுதிய பதாகைகளும் இருந்தன. கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் ஊர்வலத்தில் சேரவில்லை. தங்களையும் காப்பிலி என்று யாரும் நினைத்துவிடுவார்களோ என்று நடைபாதையால் நடந்து நேரே மண்டபத்துக்குப் போய் முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள்.

நடனம் முடிந்தது. சட்டத்தரணி பேசினார், எங்கள் ஆட்கள் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். அதன்பிறகு எஃபுவா மேடையேறினாள். கட்டங்கட்டமாக நெய்த பளபளக்கும் சேலை போன்ற ஒன்றை ஒரு தோளில் போட்டிருந்தாள். நிமிர்ந்து நின்ற அந்தப் பெண்ணைக் கிளறாவுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"நாங்கள் இந்த ஊர்க் கிழவர் கிழவிகளை இரவிலை பார்க்கிறம்" என்று எஃபுவா ஒலிவாங்கியில் சொன்னாள். "விடிஞ்சால் எங்களை ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்காக நாங்கள் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கிறம். திங்கக்கிழமை பதியப் போறம். பேரும் வைச்சாச்சு. ஆபிரிக்கப் பேர் இல்லை, தமிழ்ப் பேர். என்ரை சிநேகிதி கிளறா தந்தது. அங்கை இருக்கிறாள்."

எல்லோரும் திரும்பிக் கிளறாவைப் பார்த்தார்கள்.

"சங்கத்தின்ரை பேர், காப்பிலி!"

முதலில் மூக்கால் சிரித்தது கிறிகோரிதான். அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்தான். அவ்வளவுதான், தமிழ் வரிசைகள் மூன்றும் குலுங்கின. ஒருவர் தொடையில் அடித்துச் சிரித்தார். பெண்கள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். எஃபுவாவுக்கோ சந்தோசம்.

"பாருங்கோ, அவைக்கு எவ்வளவு மகிழ்ச்சி! காப்பிலி எண்டால் குஸ்தோதே. எல்லாரும் சொல்லுங்கோ, காப்பிலி!"

மண்டபம் முழுக்கச் சொன்னது. மேளக்காரன் அந்த மூன்று அசைக்கும் தாளம் பிடித்தான். கா-ப்பி-லி, கா-ப்பி-லி. கிழவர்கள் சொன்னார்கள், தாயின் முதுகிலிருந்த பிள்ளைகள் மழலையில் சொன்னார்கள். தங்களைத் தாங்களே, வாய் நிறைய, சிரித்துக்கொண்டு. கிளறாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

குமாரென் மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தான். அவனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"உங்கடை ஆக்கள் ஏன் அழுதழுது சிரிக்கினம்? நல்ல சொல்தானே?"

கிளறா எழும்பினாள். கிறிகோரி கையைப் பிடித்து இழுத்தான்.

"எங்கை போறீர்? பேசாமல் இரும்."

"திங்கக்கிழமை பதியப் போகினமாம். பேர்ப்பலகை எழுதி மாட்டப் போகினம்."

"மாட்டட்டுமன். எங்களுக்கென்ன? நீர் போய் உளறினால் அவள் உம்மடை வேலைக்குத்தான் உலை வைப்பாள்."

கையை உதறிவிட்டு அவள் மேடை ஓரத்துக்குப் போனாள். எஃபுவா வியர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிளறாவைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தாள்.

"எஃபுவா, அந்தப் பேரை வைக்காதை."

"ஏன்?"

"அது குஸ்தோதே இல்லை. நான் பொய் சொன்னனான். அது நல்ல சொல் இல்லை."

விரித்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. எஃபுவா அவளைப் பார்த்தாள். பிறகு முன்வரிசைகளைப் பார்த்தாள். அங்கே இன்னும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விளங்கிவிட்டது.

"எனக்குச் சொல்லிப்போட்டாய்" என்றாள். "இவ்வளவு பேரும் என்னை நம்பித்தானே கத்தினவை. இவைக்கு ஆர் சொல்லுறது? என்னாலை ஏலாது."

ஒலிவாங்கியை எடுத்துக் கிளறாவின் கையில் வைத்தாள்.

கிளறா கோயிலில் வாசகம்கூட வாசித்தவள் அல்ல. மேடையில் நின்றபோது ஒலிவாங்கி அவளுடைய மூச்சைத்தான் முதலில் மண்டபத்துக்குக் கேட்கச் செய்தது. மேளம் நின்றது.

"நான் எஃபுவாவுக்குப் பிழையான அர்த்தம் சொன்னனான். காப்பிலி எண்டால் காவலர் இல்லை."

"அப்ப என்ன?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

கிளறா இத்தாலியனில் சொல் தேடினாள். மருந்துக்கும் சமையலுக்கும் சவர்க்காரத்துக்கும் அவளிடம் சொல் இருந்தது. இதற்கு ஒரேயொரு சொல்தான் அகப்பட்டது. அது பலெர்மோவில் எங்கள் எல்லோருக்கும் பாடம். மோட்டார் சைக்கிளில் போகிற பெடியள் எங்களைப் பார்த்துக் கத்துகிற சொல். பஸ்ஸில் நாங்கள் பக்கத்தில் இருந்ததும் எழும்பிப் போகும் மனுசிகள் முணுமுணுக்கிற சொல். துர்க்கு. துருக்கியன் என்றுதான் அர்த்தம், ஆனால் சிசிலிக்காரர் வாயில் அது கறுப்பன், பஞ்சப்பரதேசி எல்லாம்.

"துர்க்கு" என்றாள் கிளறா. "றோட்டிலை உங்களையும் எங்களையும் பார்த்துச் சொல்லுறவையெல்லோ, அதேதான். அதை நாங்கள் எங்கடை பாஷையிலை உங்களுக்குச் சொல்லுறனாங்கள். நான் இவளை இரண்டு வருசமாய் அப்பிடித்தான் சொன்னனான். எனக்கு வெக்கமாய் இருக்கு."

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். அன்று பித்தளை வாயடைத்துப் போயிற்று. தமிழ் வரிசைகளில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கிறிகோரி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேளக்காரன் கையை மேளத்திலிருந்து எடுத்து மடியில் வைத்தான். பின்வரிசையில் ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். யாராவது ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் ஏசவில்லை. குமாரென் மேடைப் படியில் அப்படியே இருந்துவிட்டான். கலியாண வீட்டில் சொந்தக்காரர் குடித்துவிட்டு விழுந்து கிடப்பதைக் கண்டவனின் முகம் அவனுக்கு.

திரும்பி நடந்து வரும்போது கிறிகோரி பொருமினான்.

"எல்லாற்றை முன்னாலையும் எங்களை நாறடிச்சுப்போட்டீர்."

"நான் நாறடிக்கேல்லை. நாறித்தான் கிடந்தனாங்கள். அவைக்குத்தான் மணக்கேல்லை."

வீட்டுப் படியேறும்போது, முன்னால் போனவன் திரும்பாமலே கேட்டான்.

"அவளின்ரை பேர் என்னெண்டு சொன்னீர்?"

கிளறா நின்றுவிட்டாள். இரண்டு வருடமாகத் தன் வீட்டில் அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"எஃபுவா. வெள்ளிக்கிழமை பிறந்தவள் எண்டு அர்த்தம்."

"இதெண்டாலும் உண்மையான அர்த்தமோ?" என்றான் அவன். பகிடிக்குக் கேட்கவில்லை. கிளறா அழுதாள்.

மறுநாள் பின்னேரம் அவள் கிறிகோரிக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை இத்தாலியனில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு குசினியில் நின்றாள். எஃபுவா வழக்கமான நேரத்துக்கு வந்தாள். கதவு திறந்தபோது குரல் எதுவும் வரவில்லை. கோட்டைக் கழற்றிக் கொளுவினாள். கைகளைக் கழுவினாள். அழுதவளைப் போலவும் இல்லை, கோபக்காரியைப் போலவும் இல்லை.

"சிஞ்ஞோரா மருந்து குடிச்சாவோ?"

"ஓம். எஃபுவா, நான் உனக்கு..."

எஃபுவா திறப்புக்காகக் கையை நீட்டினாள். இத்தாலியனிலும் எங்களைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. இரண்டு வருடமாக இருவருக்கும் இடையில் நீதான்.

"தாங்கோ, சிஞ்ஞோரா கிளறா" என்றாள் எஃபுவா. "நீங்கள் இனி வெளிக்கிடலாம். பஸ் போயிடும் உங்களுக்கு."

திறப்பைக் கொடுத்துவிட்டு, அந்த மரியாதையைத் தூக்கிக்கொண்டு கிளறா படியிறங்கினாள்.