கழுவிக் கொடுத்த கிண்ணம்

வெறும் கிண்ணத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நான் கொடுத்திருக்கிறேனா, ஒருநாளாவது? பின்னே, இத்தனை வருடமாக இந்தக் கதையை நடத்துகிறேனே, எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

நேசம் டீச்சர் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பத்தாம் வகுப்பு பி பிரிவு, மதியச் சோற்றுக்குப் பிறகான ஆங்கில வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் நேரம். இன்று எல்லாத் தலைகளும் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அங்கே ஷாலு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, போன வருடம்தான் இங்கே கேரளப் பள்ளியில் சேர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், இரண்டுக்கும் மேலே ஆங்கிலம் என்பதால் வாயே திறக்காதவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து தன் கால்விரல்களைப் பார்ப்பாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவாள். இன்று அவளை யாரும் கூப்பிடவில்லை.

துணைப்பாடத்தில் ஒரு சின்னக் கதை. ஏதோ ஆங்கிலக் கிராமத்தில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இரண்டு பேர். ஹேசல் நோயில் விழுந்தபோது மார்த்தா கிண்ணத்தில் சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். குணமானதும் ஹேசல் அந்தக் கிண்ணத்தைக் கழுவி, மார்த்தாவின் வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இந்தச் செயல் ஹேசலைப் பற்றி என்ன சொல்கிறது என்பது கேள்வி. சுத்தம், நேர்மை, நன்றியுணர்வு என்று எல்லா கைடுகளிலும் பதில் இருக்கும். பிள்ளைகள் அர்த்தம் தெரியாமலேயே மூன்று சொற்களையும் மந்திரம்போல ஒப்பிப்பார்கள். நேசமும் பலகையில் அதையேதான் எழுதப் போனாள்.

“டீச்சர், ஹேசல் ஈஸ் ஆங்ரி. பவுல் ஈஸ் எம்ப்டி” என்றாள் ஷாலு. அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை.

“எப்பிடி மக்கா சொல்லுத? தமிழ்லயே சொல்லு, இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“ஒரு வீட்டுலேந்து கறி வந்தா அந்தப் பாத்திரத்த யாராவது வெறுமனே திருப்பிக் குடுப்பாவளா டீச்சர்? ஒண்ணும் இல்லேன்னா எனக்க அம்ம ரெண்டு பச்சமொளகாவது இட்டுக் குடுப்பா. வெறும் பாத்திரம் வந்தா அது பெணக்கமாக்கும். இனி ஒண்ணும் தரண்டாம்னு சொல்லுகது.”

“உள்ளதாக்கும்” என்றாள் அனகா, முதல் பெஞ்சிலிருந்து. “எங்க வீட்டுல சீனி இடுவாவ.”

“ஓணத்துக்கு மாமி பாயசம் தந்த தூக்குப்பாத்திரம் இன்னும் எங்க வீட்டுலதான் கெடக்கு” என்றான் மனு. “திருப்பி இட்டுக் குடுக்க ஒண்ணும் வாய்க்கல்ல.”

“அது பெணக்கம் இல்லலே, களவாக்கும்.” இதைச் சொன்னது அஸ்வந்த், எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவன். வகுப்பு சிரித்து அடங்கியதும் எழுந்து நின்றான். “டீச்சர், இங்கிலாந்துல அப்பிடி ஒரு வழக்கமும் கெடையாது. கழுவிக் குடுத்தா போதும். எனக்க சித்தி அங்க நர்ஸாக்கும்.”

“ஓ, உனக்க சித்தி அங்க வீடுவீடா சூப்பு குடுத்துட்டா நடக்கா?” என்றாள் ஷாலு.

இவளுக்கு இப்படியெல்லாம் பேச வருமா என்று நேசத்துக்கு வியப்பாக இருந்தது. “ரெண்டுபேரும் நில்லுங்க. அவளுக்க அம்மையும் வேண்டாம், இவனுக்க சித்தியும் வேண்டாம். கதைக்குள்ள எந்த வரி சொல்லுது? அதக் காட்டுங்க.”

தாள்கள் புரண்டன. ஷாலுவின் விரல் வரிகளுக்கு அடியில் எறும்புபோல ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. “ஷீ டிட் நாட் நாக்” என்று எழுத்துக்கூட்டினாள். “கதவத் தட்டவே இல்ல டீச்சர். நன்றி உண்டும்னா தட்டியிருப்பால்லியா?”

அஸ்வந்தும் ஒரு வரியைப் பிடித்துவிட்டான். “கிண்ணம் மினுங்குற வரைக்கும் தேய்ச்சான்னு போட்டிருக்கு. பெணக்கம்னா எதுக்கு மினுக்கணும்?”

“மார்த்தாவுக்க சூப்பு மணம்கூட இனி அதுல இருக்கப்பிடாதுன்னுதான்” என்றாள் ஷாலு.

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

சாக்பீஸ் தூசியைத் தட்டியபடி வராந்தாவில் நடந்தபோது நேசத்துக்குச் சிரிப்பு வந்தது. நேற்றுகூட பக்கத்து வீட்டு விஜயம்மா சேச்சி எரிசேரிக் கறி கொடுத்த பாத்திரத்தில் நாலு நெல்லிக்காய் போட்டுத் திருப்பிக் கொடுத்தவள் அவள். ஆனால் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் தன்னைச் செருப்புபோல வாசலில் கழற்றி வைத்துவிட்டல்லவா உள்ளே போயிருக்கிறாள்? அந்தப் பெண் கால் கழுவாமல் அப்படியே நுழைந்துவிட்டாள். கதை அவளுக்குக் கதவைத் திறந்தும் கொடுத்துவிட்டது.

பின்னால் ஓடிவரும் சத்தம். ஷாலு.

“டீச்சரே, நாளைக்கு மேலதிகாரிமாரு கிளாஸ் பாக்க வரும்போ இத நான் சொல்லட்டா? இங்கிலீஷுல எழுதிப் படிச்சிருவேன்.”

“சொல்லு மக்கா.”

அதற்குள் தலைமையாசிரியர் கருணாகரன் சார் அறைக்குள்ளிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார். நல்ல மனிதர். மேசைமேல் சாயாவோடு இருந்த பழம்பொரித் தட்டை முதலில் அவள் பக்கம் நகர்த்தினார்.

“கேட்டுட்டுத்தான் இருந்தேன். மீன்சந்த மாதிரி இருந்தாலும் நல்ல கிளாஸாக்கும். ஆனா டீச்சரே, நாளைக்கு இது வேண்டாம். போன வருஷ ரிசல்ட்டுக்கே என்னை நிக்கவச்சுக் கேள்வி கேட்டாவ. இந்தப் பிள்ளைக்க இங்கிலீஷையும் கேட்டா என்ன நெனைப்பாவ? அனகா எழும்பி அந்த மூணு பாயிண்டையும் சொல்லட்டும், சுத்தமா சொல்லுவா. ஷாலுகிட்ட, அது தப்பான பதிலாக்கும், மார்க்கு கெடைக்காதுன்னு இப்பமே சொல்லிருங்க. இல்லேன்னா நாளைக்கு எழும்பி நிப்பா.”

தப்பு என்ற ஒரு சொல் போதும். அந்தப் பெண் மறுபடியும் தன் கால்விரல்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள், பள்ளியை விட்டுப் போகும்வரை.

“தப்புன்னு எனக்கு நிச்சயமில்ல சாரே.”

“உள்ளதுதான். ஹேசல்கிட்ட போய்க் கேக்கவா முடியும்?” என்று சிரித்தார். “பரீட்சைப் பேப்பர் திருத்துகவனுக்கு நிச்சயம் உண்டே.”

ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தடியில் ஷாலு ஒரு தாளைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எதிரே அஸ்வந்த் புத்தகத்துடன் நின்று, அவள் இடறிய இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினான். அவள் அவனை ஏதோ வைதுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“அப்போ சொல்லிருவீங்கல்லியா?” என்றார் சார்.

“இல்ல சாரே.” சாயாவுக்குச் சீனி வேண்டாம் என்பதுபோலத்தான் சொன்னாள். “அவ சொல்லட்டும்.”

சாரின் பழம்பொரி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. நேசம் நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளினாள். வெளியே ஷாலு பலாவேரின்மேல் ஏறி நின்று, தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தியிருந்தாள்.