லேஸ் இல்லாத பூட்ஸ்

1

இப்படி ஒரு கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. ஒரு பத்திரிகையின் சிறப்பு மலருக்குக் கட்டுரைதான் கேட்டிருந்தார்கள்: வாகனங்கள் போரை எப்படி மாற்றின? நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்.

‘கால்நடையாகப் போன படை ஒரு நாளில் கடந்த தூரத்தை, லாரி ஏறிய படை ஒரு மணி நேரத்தில்...’

கடந்தது, சரி. பிறகு? குதிரைக்குப் புல் கிடைத்த இடம்வரை போன போர், டீசல் கிடைக்கும் இடம்வரை போனது. இரும்புத் தகடு போர்த்திய வண்டி வந்ததும் சிப்பாய் அதற்குள் புகுந்துகொண்டான். இன்றைக்கோ கையளவு ட்ரோன் ஒன்று தேடி வந்து, தகடு மெலிந்த மேல்பக்கமாகப் பார்த்து விழுகிறது. காப்பாற்ற வந்த வண்டியிலிருந்து தப்பித்து ஓட வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால், அத்தனை வண்டிகளிலும் ஒரு ஆள்கூட இல்லை. அந்த வாரம்தான் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் என் தோழி ஜாஸ்மின், அவர்கள் கம்பெனி பஸ் டிரைவரைப் பற்றிச் சொன்னாள். கட்டுரை அப்படியே நின்றுவிட்டது.

2

(முதல் தொடக்கம்: ‘பாலாற்று மணலில் வெயில்...’ வேண்டாம். பாண்டியனுக்கும் பாலாற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

பாண்டியனுக்கு நாற்பத்தாறு வயது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். அங்கே சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் கவச வண்டிக்கு ஓட்டுநர். இப்போது காலையில் பேரணாம்பட்டிலிருந்து கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் வருகிறார். மாலையில் கொண்டுபோய் விடுகிறார். நடுவில் பஸ் நிழலில் நிற்கும், அவருக்கும் வேலை இருக்காது.

ஜாஸ்மின் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்திருந்தது, கவச வண்டிக்குள் இருப்பவர்களுக்கான பூட்ஸ். லேஸ் கூடாது; தோல் பட்டையைக் கணுக்காலில் சுற்றி பக்கிள் போட வேண்டும். தீப்பிடித்தால் எங்கேயும் மாட்டாமல் வெளியே வர வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடியபோது பாண்டியன் ஞாபகம் வந்தது.

3

ஒரு மரப்பெட்டிக்குள் பழைய லாரி சீட்டையும் பெடலையும் பொருத்தி, மேலே ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டியிருந்தார்கள்.

“அண்ணா, உள்ள உக்காருங்க. நான் சொன்னதும் வெளிய வரணும், அவ்ளோதான்.”

“இன்னா மேடம், சர்க்கஸா?” என்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்.

முதல் தடவை எட்டு நொடி. இரண்டாவது தடவையும் எட்டு. ஆர்டரைக் கவனிக்கும் சுஹேல் அகமது செல்போனில் நேரம் பார்த்துவிட்டு, “சூப்பர்ணா, ஓகே போட்டுரலாம்” என்றார்.

மூன்றாவது தடவை பாண்டியன் வரவில்லை. கணுக்காலின் உள்பக்கம் இருந்த பக்கிள், பிரேக் பெடலின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும். அவர் இழுக்கவில்லை. ஓட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“இது ஆகாது மேடம்.”

“மூணுல ஒரு வாட்டிதானேண்ணா?” என்றார் சுஹேல். “நானூறு ஜோடி கட்டிங் முடிஞ்சு கெடக்கு. புதன்கிழமை அனுப்பணும்.”

“ஒரு வாட்டிதான் சார். எரியறப்ப ரெண்டாவது வாட்டின்னு ஒண்ணு கெடையாது.”

4

(பாண்டியனோடு அதே கவச வண்டியில் இருந்தவர் ராமலிங்கம். முதல் பிரதியில் அவரை நான் கொன்றிருந்தேன். செத்தவரை வைத்து எழுதுவது சுலபம்; கேள்வி கேட்க மாட்டார். ஜாஸ்மின் படித்துவிட்டு, “அவர் உயிரோட இருக்காரே, ஜோலார்பேட்டைல” என்றாள். இரண்டு பக்கம் கிழிந்தது.)

அன்று மதியம் பஸ் படியில் உட்கார்ந்து பாண்டியன் அவளிடம் சொன்னார்.

“பாலைவனத்துல பயிற்சி. இன்ஜின்ல தீ. யார் தப்பும் இல்ல. நான் முன்னாடி இருந்தேன், வெளிய வந்துட்டேன். ராமலிங்கம் பீரங்கிக்காரன், நடுவுல இருந்தான். மேல ஏறி அவன் ரெண்டு கையையும் புடிச்சு இழுத்தேன். இடுப்பு வரைக்கும் வந்துட்டான். பூட்ஸ் லேஸு சீட்டு லீவர்ல மாட்டிக்கிச்சு. ‘லேஸை அறுடா’ன்னான். கத்தி என் இடுப்புலதான் இருந்துச்சு.”

“அப்புறம்ணா?”

“சூடு தாங்கல. கைய விட்டுட்டேன்.”

மற்றவர்கள் ஓடிவந்து தீயை அணைத்து ராமலிங்கத்தை எடுத்தார்கள். உயிர் பிழைத்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பதின்மூன்று வருடம் ஆகிறது. ஆம்பூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் அரைமணி நேரம். பாண்டியன் ஒரு தடவைகூடப் போனதில்லை.

(இந்த இடத்தில் ‘குற்ற உணர்ச்சி’ என்று எழுதி வைத்திருந்தேன். ஏன் போகவில்லை என்று ஜாஸ்மின் கேட்டதற்கு அவர் சொன்னது வேறு: “போனா உக்காருன்னுவான் மேடம். காபி குடுப்பான். அதான் பேஜாரு.” என் சொல்லை எடுத்துவிட்டேன்.)

5

ஜாஸ்மின் பக்கிளை வெளிப்பக்கம் மாற்றினாள். தொங்கிய பட்டை நுனியைச் செருக ஒரு தோல் வளையம் தைத்தாள். சுஹேல் ஒரு நாள் முழுக்க, வெட்டி வைத்த நானூறு ஜோடியையே சுற்றிச் சுற்றி வந்தார். மறுநாள் அவரே ஆர்டர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பத்து நாள் தவணை வாங்கினார். பாண்டியன் பெட்டிக்குள் முப்பது தடவை இறங்கி ஏறினார். ஒரு தடவைகூட மாட்டவில்லை.

“அப்போ முடிஞ்சுதாண்ணா?”

“டிரைவருக்கு முடிஞ்சுது. பீரங்கிக்காரன் உக்கார்றது வேற மாதிரி மேடம். காலு மடங்கி இருக்கும். எனக்குத் தெரியாது.”

“யாருக்குத் தெரியும்?”

பாண்டியன் போய் பஸ் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்துவிட்டு, “ராமலிங்கத்துக்கு” என்றார்.

6

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். ஜோலார்பேட்டையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மூன்றாவது தெரு. பாண்டியன் கையில் துணிப்பை, பையில் ஒரு ஜோடி பூட்ஸ். கதவைத் திறந்தவர் ராமலிங்கத்தின் மனைவி மோகனா. பாண்டியனை அவர் பார்த்ததில்லை.

“ராமலிங்கம் இருக்காரா?”

“இருக்காரு. நீங்க?”

உள்ளே டிவி சத்தம் நின்றது. “யாரு மோகனா?” என்று ஒரு குரல். பாண்டியனுக்கு அந்தக் குரல் தெரியும்.

‘கம்பெனிலேர்ந்து வர்றேன்’ என்று சொல்லிப் பையைக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கும் ஒரு முடிவு என்னிடம் இருக்கிறது. உள்ளே போய், கேட்க வேண்டியதைக் கேட்டு, காபியையும் குடிக்கும் இன்னொரு முடிவும் இருக்கிறது. இரண்டும் நன்றாகத்தான் வந்திருக்கின்றன. உண்மையில் நடந்தது ஜாஸ்மினுக்குத் தெரியும். என்னிடம் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

மோகனா கதவைப் பிடித்தபடி நிற்கிறார். ‘நான் அவரோட தோஸ்த்’ என்று இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் அடித்துவிட்டேன். அந்தச் சொல்லை எடுக்கிற உரிமை பாண்டியனுக்கு இன்னும் இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் அவர் இடத்தில் நில்லுங்கள். ‘நீங்க யாரு?’ என்று உங்களைத்தான் கேட்கிறார்.