லீவு என்றொரு வாடிக்கையாளர்

"அக்கா, இந்த லீவுன்றது யாரு?" என்று கார்த்திகா கேட்டபோது குல்ஷன் கரண்டிகளைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி காதில் விழுந்தும் நிமிரவில்லை. நூம்பலிலிருந்து வந்திருந்த அந்தக் கம்ப்யூட்டர்காரப் பெண் காலையிலிருந்து எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும், கடைசியாக எப்போது மாற்றினீர்கள், வாடிக்கையாளர்களின் ஆதார் நகலையெல்லாம் ஏன் இப்படித் திறந்த வீடு மாதிரி போட்டு வைத்திருக்கிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லிக் குல்ஷனுக்கு வாய் வலித்துவிட்டது.

குமணன்சாவடியில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருப்பது ஹாஜா மொய்தீனின் வாடகைப் பாத்திரக் கடை. தேக்சா என்று அவர்கள் சொல்லும் பெரிய செம்புப் பிரியாணி அண்டாக்கள்தான் அங்கே விசேஷம். பூவிருந்தவல்லி சுற்றுவட்டாரத்தில் நிக்காஹ் என்றாலும் சரி, காதுகுத்து என்றாலும் சரி, தேக்சா இங்கிருந்துதான் போகும். எந்த ஞாயிறு எந்த மண்டபத்துக்கு எது போகிறது என்பதெல்லாம் அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குத்தான் வெளிச்சம். அதற்கு இனிமேல் பாதுகாப்பு எதுவும் வராது, கம்பெனிக்காரனே கைகழுவிவிட்டான் என்றார்கள். ஹாஜா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஆனால் வேலப்பன்சாவடியில் ஒரு டைல்ஸ் கடைக் கம்ப்யூட்டரை எவனோ உள்ளே புகுந்து பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்ட சேதி வந்த அன்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்க் கல்யாணமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது. அதனால்தான் கார்த்திகா வந்தாள், புதுப் பெட்டியோடு.

"பாக்கப்போனா உங்க கடைக்கே பெரிய கஸ்டமர் அவர்தான் போலக்கா. வாரா வாரம் எடுக்கறாரு. போன் நம்பர்தான் இல்ல," என்றாள் கார்த்திகா.

குல்ஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ஆளு இல்லம்மா. கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்த தேக்சாவ மறுநாளே வெளிய அனுப்ப மாட்டோம். புளி போட்டு வெளக்கி, வெயில்ல கவுத்து, ஈயம் போயிருக்கான்னு பாக்கணும். நான் மறந்துடுவேன்னு கம்ப்யூட்டரே மறுநாள்ல லீவுன்னு போட்டு வெச்சுடும்."

"கம்ப்யூட்டரேவா?"

"ஆமா. ஊட்டுக்காரரு போறப்போ அப்பிடி செட் பண்ணிட்டுப் போய்க்கீறாரு."

கார்த்திகா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். "அக்கா, இந்த சாப்ட்வேர்ல அந்த மாதிரி ஒண்ணுமே கெடையாது. யாரோ ஒவ்வொண்ணா கையால தட்டிகினு கீறாங்க."

கடையில் இருப்பது இரண்டே பேர், அவளும், அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா ஹாஜாவும். அத்தாவுக்கு மவுஸைத் தொட்டாலே கை உதறும். கார்த்திகா மேலும் எதையெதையோ திறந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. திரையின் கீழ் மூலையில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு சின்னப் படத்தைக் காட்டினாள். எங்கோ வெளியூரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கம்ப்யூட்டரை இயக்க வழிசெய்யும் சமாச்சாரம் அது. "டெய்லி சாயந்தரம் ஒர்த்தர் உள்ள வந்துட்டுப் போறாருக்கா. மக்ரிபு பாங்கு சொல்ற நேரம்."

குல்ஷன் அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தாள். திருடன் என்றுதான் முதலில் நினைத்தாள். எந்தத் திருடன் வந்து தேக்சாவுக்கு லீவு எழுதிவிட்டுப் போவான் என்று அடுத்த கணமே தோன்றியதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

லீவு என்பது அவள் புருஷன் ஜுல்ஃபிகரின் சொல். "மனுசனுக்கு வெள்ளிக்கெழம கீதுல்ல, தேக்சாவுக்கும் ஒரு நாள் லீவு உடு குல்ஷு" என்பான். பெங்களூரில் வேலை கிடைத்தபோது அவன் வா என்றான். அத்தாவைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவது, நீ இரு என்றாள் இவள். இரண்டு பேரும் பிடித்த பிடியில் நின்றார்கள். போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து பஸ் ஏறினவன்தான். அவன் தலாக் சொல்லவும் இல்லை, இவள் விடுதலை கேட்டுக் குலாவுக்குப் போகவும் இல்லை, பேச்சும் இல்லை. முதலில் யார் போன் செய்வது என்பதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவன் வைத்துவிட்டுப் போன ஏற்பாடாவது தன் கூட இருக்கிறதே என்று அந்த லீவைப் பார்க்கும்போதெல்லாம் இவள் சமாதானமாகிக்கொள்வாள். ஏற்பாடாம், மண்ணாங்கட்டி. அவனேதான் தினமும் வந்திருக்கிறான். மக்ரிபு தொழுகைக்கு இவள் எழுந்து உள்ளே போவாள், நாற்காலி காலியாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வந்து, இவள் மறந்ததை எழுதிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போயிருக்கிறான். பாவி என்று நினைத்தாள்.

ஹாஜா மொய்தீன் வந்ததும் கார்த்திகா விவரம் சொன்னாள். லீவு என்ற சொல்லைக் கேட்டதும் கிழவர் மகளைப் பார்த்தார். பிறகு பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டார்.

"யாரா இருந்தா இன்னாம்மா? அந்த வழியில அவரு வந்தா எவன் வேணா வருவான். ஊரு சனம் நம்மள நம்பி ஆதார் குட்த்துக்கீது. மூடிடு."

"ஆமா பாய். அத வெச்சுகினு புதுசுக்கு மாத்தினா, மாத்தறதே வேஸ்ட்டு," என்றாள் கார்த்திகா. எல்லாவற்றையும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து பீரோவில் வைக்கச் சொன்னாள். இனி உள்ளே போக போனுக்கு நம்பர் வரும், அதைப் போட்டால்தான் திறக்கும் என்றாள். நகல் ஓடி முடியச் சாயங்காலம் ஆகும், முடிந்ததும் அந்த வழியை அடைத்துவிடலாம். குல்ஷன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர்கள் சொல்வதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. தப்பில்லாத காரியத்துக்கு நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்றுதான் தெரியவில்லை.

மக்ரிபு பாங்கு கேட்டது. அத்தா பள்ளிவாசலுக்குப் போனார். கார்த்திகா டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாள், வேண்டுமென்றே போனாளோ என்னவோ. குல்ஷன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியிலேயே இருந்தாள். தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

திரையில் அம்புக்குறி தானாக அசைந்தது.

மவுஸ் ஒரு ஓரமாகக் கிடந்தது, அதன் மேல் யார் கையும் இல்லை. அம்பு மெதுவாக ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. அன்று நிக்காஹ்வுக்குப் போகிற தேக்சாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. திங்கட்கிழமைக்கு வந்தது. லீவு என்று விழுந்தது. குல்ஷன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளங்கை அகலம், ஈயம் பூசிய தேக்சாவின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கும் விதம் எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்தக் கையை ஒரு தரம் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அம்பு கிளம்பப் பார்த்தது. அவள் அவசரமாக அடுத்த கட்டத்தில், அவர்கள் இருவரும் போனில் எழுதிக்கொள்வார்களே அதே மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள்.

"இன்னியோட இந்த வழிய மூடறோம். பாதுகாப்பு இல்லியாம். கடை அதே எடத்துலதான் கீது."

அம்பு அப்படியே நின்றுவிட்டது. இந்நேரம் அந்த நாற்காலியில் ஆள் இருக்கும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். பிறகு அம்பு அவள் எழுதிய வரியின் தொடக்கத்துக்கு வந்தது. பிள்ளைகள் விரல் வைத்து ஓதுவது போல ஒவ்வொரு சொல்லின் அடியிலும் நகர்ந்தது. கடைசிச் சொல்லில் நின்றது. ஒரு எழுத்து விழுந்தது, அழிந்தது. மறுபடி ஒன்று விழுந்தது, அதுவும் அழிந்தது. எதிர்முனையில் இருந்தவர் போய்விட்டதாக ஒரு சின்னக் கட்டம் வந்து சொன்னது.

கார்த்திகா திரும்பி வந்து திரையைப் பார்த்தாள், குல்ஷனைப் பார்த்தாள். "முடிச்சுடலாமாக்கா?"

"நானே பண்றேன். எங்க அழுத்தணும்?"

கார்த்திகா காட்டினாள். குல்ஷன் அழுத்தினாள். மூலையில் இருந்த சின்னப் படம் மறைந்தது. அவள் எழுந்து தொழப் போனாள்.

மறுநாள் புதுக் கம்ப்யூட்டர் பளிச்சென்று இருந்தது. புதன்கிழமைக்கு ஒரு தேக்சா கேட்டு ஆள் வந்தார். எழுதி முடித்துவிட்டு வியாழனுக்கு நகர்ந்தாள். கட்டம் காலியாக இருந்தது. மக்ரிபு வரைக்கும் காத்திருந்து பார்த்தாள், அது காலியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும். பிறகு அவளே லீவு என்று எழுதினாள். தேக்சாவுக்கு யாராவது எழுதத்தானே வேண்டும்.

கடை அடைக்கிற நேரத்துக்கு அத்தா கொக்கியை எடுத்து ஷட்டரை இழுத்தார். பாதி இறங்கியதும் குல்ஷன் சொன்னாள், "அத்தா, அவ்ளோ போதும். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ஹாஜா மொய்தீன் கொக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கவிழ்த்து வைத்த தேக்சாக்களுக்கு நடுவே அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஷட்டருக்குக் கீழே ரோட்டின் அடிப்பாதி மட்டும் தெரிந்தது. வண்டிச் சக்கரங்கள் போயின, வந்தன. பெங்களூரிலிருந்து வருகிற பஸ் ஒன்று பெருமூச்சுவிட்டபடி எதிரே வந்து நின்றது. படியிலிருந்து கால்கள் இறங்கின. ஒரு ஜோடி ஷூ, கொலுசு போட்ட ஒரு கால், கனத்த பை ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று நிற்கிற இரண்டு செருப்புக்கால்கள்.