அருளானந்தத்தின் வலது கால்

எங்கள் ஆஸ்திரேலிய உதைபந்துக் கழகம் ஆட்டக்காரர்களை முழுதாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒருவனுடைய தோள், இன்னொருவனுடைய மணிக்கட்டு, மூன்றாமவனுடைய கால் என்று பொறுக்கிச் சேர்த்துப் பதினெட்டுப் பேரை ஆக்கி, சனிக்கிழமை மைதானத்துக்கு அனுப்பும். மிச்சம் வீட்டில் இருக்கும். பார்வையாளர் வரிசைக்கும் தேர்வுக் குழுதான் பொறுக்கும். மிச்சங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. மெல்பேர்ன் ஓரத்து டாண்டினோங்கில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. கேள்வி கேட்கும் பழக்கத்தை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிட்டு வந்த சனங்கள்.

நான் விடவில்லை. துண்டுப் பிரசுரங்களில் எழுத்துப் படித்தவன் நான். இருபத்திரண்டு வயதில் ஆலை வாசலில் நின்று, முதலாளிக்குக் கைதான் வேண்டும், மனிதன் வேண்டாம் என்று பேசியவன். அப்போது அது உவமை.

அருளானந்தம் கோழிகளைத் துண்டு போடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். ஏழு வருடங்களாக அவனுடைய வலது கால் அணியில் இருக்கிறது. சனி மாலை சேற்றோடு வீடு திரும்பும், ஒன்றும் சொல்லாது. இந்தச் சனிக்கிழமை இறுதி ஆட்டத்தோடு காலுக்கு ஓய்வு.

"அண்ணை, ஒருக்காவாவது என்ர கால் உதைக்கிறதை நான் பார்க்கோணும்" என்றான்.

வியாழக்கிழமை தேர்வுக் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் சபாநடேசன், பல் வைத்தியர். ஒன்றைப் பிடுங்கினால் மற்றவை அசையக்கூடாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே அரசியல். ஓர் இடது மணிக்கட்டைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். கழக மண்டபத்துக்குக் கூரை போட்டவரின் மருமகனுடைய மணிக்கட்டு அது. பந்தைப் பிடிக்காது. தேர்வானது.

பிறகு நான் எழுந்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். காலை அழைத்தால் மனிதனையும் அழைக்க வேண்டும் என்றேன். அருளானந்தத்தை முழுதாக அனுப்பாவிட்டால் கால் வராது என்றேன். பின்வரிசையில் தனியாக வந்திருந்த இரண்டு முழங்கால்கள் நடுங்கின.

குழு எழுந்து நின்று கைதட்டியது. அன்று ஆலை வாசலில் தடியால் அடித்த பொலிஸ்காரர்கூட என்னை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை.

"அருமையான குரல், அண்ணை" என்றார் சபாநடேசன். "எல்லைக்கோட்டில நிண்டு கத்த ஆளில்லாமல் இருந்தனாங்கள். உங்கட குரலைத் தேர்ந்தெடுத்திட்டம்."

"அருளானந்தம்?"

"கால் மட்டும். வழமைபோல."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். தேர்வு அதற்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது.

சனிக்கிழமை அருளானந்தத்தின் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். அவனுக்குக் கால் இல்லை, எனக்குக் குரல் இல்லை. மைதானத்து இரைச்சலுக்கு மேலே என் குரல் தெளிவாகக் கேட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே உயர வேண்டும் என்று முப்பத்தேழு வருடம் நான் பழக்கிய குரல். தேர்வுக் குழு வாழ்க என்று கத்திக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் கத்துது, அண்ணை" என்றான் அருளானந்தம். ஆறுதலாகச் சொன்னான்.

இடைவேளையில் ஒன்பது புள்ளி பின்னால் இருந்தோம். வாசலில் கழகத்துக் கார் வந்து நின்றது. சபாநடேசன் இறங்கினார்.

"அருள், முன்வரிசையில இடம் காலியாயிட்டுது. உன்ர கண் ரெண்டையும் தேர்ந்தெடுத்திருக்கு. நீ ஆசைப்பட்டதெல்லோ?"

"நன்றி, டொக்டர்."

நான் மேசையில் ஓங்கிக் குத்தினேன். தேநீர் சிந்தியது. அதை யாரும் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அருளானந்தம் கண்களைக் கழுவி, மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, மூடியை இறுக்கிக் கொடுத்தான்.

கடைசிக் கால் மணி நேரத்தில் புள்ளிகள் நெருங்கின. அருளானந்தம் என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"இப்ப என்ன நடக்குது, அண்ணை?"

திரையில் அவனுடைய கால் ஓடிவந்து உதைத்தது. பந்து நடுக்கம்பங்களுக்கு இடையே உயரமாகப் போனது, ஆறு புள்ளி. கமரா முன்வரிசைக்குத் திரும்பியது. அங்கே அவனுடைய கண்கள் அழுதுகொண்டிருந்தன.

சொல்ல என்னிடம் குரல் இல்லை. துவாயை எடுத்து அவன் கன்னத்தைத் துடைத்தேன். துவாய் நனைந்தது. பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தேன்.