காலையில் வலி இல்லை

ராயபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி. அதன் சீஃப் டாக்டருக்கு ஒரு வழக்கம். கத்தியைத் தொடும் முன்னே தியேட்டரில் நிற்கிற அத்தனை பேரையும் ஒரு சுற்று பார்ப்பார். "யாருக்காவது சொல்ல எதுனா இருக்கா?" என்று கேட்பார். நர்ஸில் ஆரம்பித்து, வண்டி தள்ளுகிற வேதமாணிக்கம் வரைக்கும் ஒவ்வொருத்தராக "இல்ல சார்" என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருசமாக வேதமாணிக்கமும் சொல்லி வருகிறான், கோயிலில் ஆமென் சொல்கிற மாதிரி. வாய் பாட்டுக்குச் சொல்லும், மனசு எங்கேயோ இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சின்ன டாக்டர் ஒருத்தர் முதல் முதலாகத் தன் கையால் வயிற்றைத் திறந்தால், முடிந்ததும் சீஃப் காலைத் தொடுவார். சீஃப் புதுக் கத்தி ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுப்பார். அப்புறம் எல்லாருக்கும் பிரியாணி. அத்தனை படித்தவர்களுக்கும் ஒரு சடங்கு வேண்டியிருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருசம் ஒரு புதன்கிழமை டாக்டர் அருள்பிரகாசத்தின் முறை வந்தது. ஆளும் கிடைத்துவிட்டான். ஹார்பரில் மூட்டை தூக்குகிற தமீம், முந்தின நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவன். குடல்வால், காலையில் எடுத்துவிடலாம் என்றார்கள். தமீமிடம் கைநாட்டு வாங்கியது வேதமாணிக்கம். பிரியாணிக்குச் சொல்லி வைத்ததும் அவன்தான். துணி துவைக்கிற லூர்து வரைக்கும் போய், "பதினோரு மணிக்கு பிரியாணி தேக்சா வந்துரும், பசியோட இரு" என்று பீற்றிவிட்டு வந்திருந்தான்.

காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனால், தமீம் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்த, வலி போச்சு. சுத்தமா போச்சு. நான் வூட்டுக்குப் போறேன்."

"இன்னாபா பேஜாரு பண்றே? பயம் வந்தா எல்லாருக்கும்தான் வலி போயிடும். படு."

"நெசமா அண்ணாத்த. குதிச்சுக் காட்டட்டுமா?"

"ரெண்டாளு மூட்டைய ஒண்டியா தூக்குறவனாமே நீ? ஊசியப் பாத்து ஓடுறியே! உம் பொண்டாட்டி வெளில குந்திகினு கீது. கூப்ட்டு சொல்லட்டா?"

தமீம் வெட்கத்தில் சிரித்தான். வண்டியில் ஏறிப் படுத்துவிட்டான்.

பயந்தவன் பேச்சு என்று வேதமாணிக்கம் நினைத்தது பாதி நிஜம். மீதி பாதி, தேக்சா. கேஸ் நின்றுபோனால் லூர்து முகத்தில் எப்படி முழிப்பது?

தியேட்டரில் மயக்க மருந்து ஏறியது. சீஃப் வழக்கம் போலக் கேட்டார். இல்ல சார், இல்ல சார் என்று வந்து அவனிடம் நின்றது. வலி போச்சு என்று தமீம் சொன்னது ஞாபகம் வந்தது.

"இல்ல சார்."

அருள்பிரகாசம் கீறி, தேடி, குடல்வாலை வெளியே இழுத்தார். வெளுப்பாக, மெல்லிசாக, வீக்கமே இல்லாமல் இருந்தது. சீஃப் குனிந்து மற்ற குடலையும் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. எடுத்துட்டு மூடு."

கை கழுவுகிற இடத்தில் சின்ன டாக்டரின் காது சிவந்திருந்தது. "நேத்து தொட்டப்ப துள்ளினான் சார்."

"காலைல தொட்டியா?"

"இல்ல சார்."

"நானும் தொடல. நின்னவங்க எல்லாரையும் கேட்டோம். படுத்தவன ஒருத்தரும் கேக்கல." துணியில் சுற்றிய கத்தியை சீஃப் திரும்பத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேதமாணிக்கம் பக்கத்தில்தான் வாளியோடு நின்றான். "வலி போச்சுன்னு அவன் என்கிட்ட சொன்னான் சார்" என்று அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டான். தேக்சாவும் வந்தது. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அவனும் ஒரு தட்டு தின்றான். கறி ருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருந்தது.

வார்டில் தமீமிடம் எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. "எல்லாம் சரியாயிடும்" என்றதோடு சரி. மூன்றாம் நாள் வேதமாணிக்கம் அந்தப் பக்கம் போனபோது தமீமின் மனைவி மரியம் கூப்பிட்டு, டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"குடிங்கண்ணே. இவரு வாய் ஓயாம உங்களப் பத்தித்தான் பேசுறாரு."

"ஆமா அண்ணாத்த. வலி போச்சுன்னு நான் நம்பி ஓடப் பாத்தேன், நீ வுடல பாரு. அன்னிக்கி என்ன வுட்டிருந்தா இந்நேரம் மவுத்தாயிருப்பேன்."

"பக்ரீத்துக்கு நீங்க வூட்டுக்கு வரணும்ண்ணே," என்றாள் மரியம்.

டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்கவும் முடியவில்லை.

"தமீமு, உன் குடல்வாலு நல்லாத்தான்பா இருந்துச்சு."

"அதான் எடுத்தாச்சே."

"எடுக்கும்போதே நல்லா இருந்துச்சு. நீ சொன்னது நெசம். பெரிய டாக்டரு என்னையும் கேட்டாரு. நான் வாயத் தொறக்கல."

தமீமின் கை மெதுவாக வயிற்றுக் கட்டின் மேல் போனது. "ஏன் அண்ணாத்த?"

"பிரியாணிக்கு சொல்லி வெச்சிருந்தேன்."

மரியம் எட்டி அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீயை சன்னல் வழியாக வெளியே ஊற்றினாள்.

"மூட்ட தூக்க எத்தினி மாசம் ஆவும்?" என்று கேட்டான் தமீம்.

"ஆறு மாசம் தூக்கக் கூடாதும்பாங்க."

தமீம் வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.