கூடமாட ஒத்தாசை

தக்காளி நாற்றை எத்தனையாம் நாள் பிடுங்கி நட்டீர்கள் என்று, ஊரில் எங்கள் தோட்டத்தைப் பார்வையிட வந்திருந்த ஆபீஸ் மேடம் வீடியோ போனில் கேட்டபோது, நான் தக்காளிக் கிடங்கின் பின்வாசலில் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன். காலை இடைவேளை பன்னிரண்டு நிமிடம். அதில் மூன்று போய்விட்டது. இந்த நாட்டுக்கு வந்த நான்கு வருடமாக என் வேலை, ஓடும் பட்டையில் வருகிற தக்காளியைச் சிவப்பு, அரைச்சிவப்பு, பச்சை என்று பிரித்து மூன்று பெட்டியில் போடுவது. தக்காளி எதில் காய்க்கிறது என்று யாராவது கேட்டால் பெட்டியில் என்றுதான் வாயில் வரும். ஆனால் ஊரில் இருக்கிற முக்கால் ஏக்கர் என் பேரில் இருக்கிறது. அதனால் திட்டத்துக்குக் கொடுத்த படிவத்தில் விவசாயி நான்.

திரையில் மேடத்தின் முகம், அவர் தோளுக்குப் பின்னால் அக்கா. அக்கா இரண்டு விரலைக் காட்டி மடக்கிவிட்டு, ஐந்து விரலையும் விரித்தாள்.

"இருபத்தஞ்சாம் நாள் மேடம்."

ஊட்டச்சத்துத் தோட்டத் திட்டம் என்று பேர். காய்கறி போட்டு, குழந்தைகள் சாப்பாட்டு மையத்துக்குக் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்தை வீட்டுக்கு வைத்துக்கொள்கிற குடும்பத்துக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் தருகிறார்கள். இப்போது அக்கா வாய்க்காலிலிருந்து குடத்தில் சுமக்கிறாள். காலையில் இருபது நடை, சாயங்காலம் இருபது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கிறாள். போன மாதம் மோட்டார் கேட்டு அவளே ஆபீசுக்குப் போனாள். வாசலில் இருந்த ஆள் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் கையைக் காட்டிவிட்டாராம். அது பெண்களுக்கான சத்துணவு வகுப்பு. மோட்டார் பயிற்சி வலது பக்க அறையில், ஆம்பளைகளுக்கு. இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ஒரு தக்காளிப் படத்தைத் தூக்கிக் காட்டி, இதில் நல்ல சத்து இருக்கிறது, சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். படத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். "தக்காளின்னா என்னன்னு படிச்சிட்டு வந்துட்டேன்டா தம்பி," என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடந்தது.

அடுத்த கேள்வி பூச்சியைப் பற்றி. இலையில் பேன் பிடித்தால் என்ன செய்வீர்கள்? அக்கா கையை உயர்த்தி எதையோ தூவிக் காட்டினாள்.

"உப்பு போடுவோம் மேடம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தத்துக்கு மேடம் திரும்பிப் பார்த்தார். "சாம்பலுங்க," என்றாள் அக்கா, மாட்டிக்கொண்ட குரலில்.

மேடம் கோபப்பட்டிருந்தால் தேவலை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும் அவருக்கு. பேனாவை மூடி, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். "தம்பி, எனக்குத் தெரியாம இல்ல. செடியப் பாத்தாலே தெரியுது யாரு கைன்னு. ஆனா இவங்க பேர எழுதினா, நிலம் இவங்க பேர்ல இல்லன்னு மேலிடத்துல தள்ளுபடி பண்ணிருவாங்க. உங்க வாயால ஒண்ணு சொல்லுங்க. விவசாயம் பாக்குறது யாரு?"

அப்பா போவதற்கு முன் நிலத்தை என் பேருக்கு எழுதிவைத்தார். அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள், பாதியையாவது அவள் பேருக்கு மாற்றித் தரச் சொல்லி. ஆபீசுக்குப் போனால் மதித்து உட்காரச் சொல்வார்கள் என்று காரணமும் சொன்னாள். அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை போய் வந்தாயிற்று. மறந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். மறக்கவில்லை.

உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தட்டினார். இன்னும் இரண்டு நிமிடம். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மேடம். போன்ல சொல்லச் சொல்ல நடக்கும். அக்கா கூடமாட ஒத்தாசை."

அக்கா குனிந்து எதையோ பிடுங்கினாள். களையாக இருக்காது. எங்கள் தோட்டத்தில் அவள் விட்டுவைத்த களை கிடையாது.

மோட்டார் மேடம் வந்த ஆபீஸ் வண்டியிலேயே இருந்தது, இறக்கினார்கள். விவசாயி மோட்டாரோடு நிற்கிற படம் ஒன்று வேண்டும். விவசாயியோ கடல் தாண்டி நிற்கிறான். மேடமே ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா போனை மோட்டார் பக்கத்தில் நீட்டிப் பிடிக்க, அவர் தன் போனில் படம் எடுக்கலாம். எனக்கு வானமும் மோட்டாரின் ஒரு மூலையும்தான் தெரிந்தது.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. கை மட்டும் போதும். தம்பி, நீங்க சிரிங்க."

சிரித்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அக்காவிடமிருந்து அந்தப் படம் வந்தது, கூடவே ஒரு குரல் பதிவும். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். பதிவில், பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லியிருந்தாள்: "தண்ணி நல்லா வருது. என்ன விவசாயி, சாப்டாச்சா?"

படத்தில் நீல நிற மோட்டார், அதன் பக்கத்தில் திரைக்குள் சிரிக்கிற நான், என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிற ஒரு கை, மணிக்கட்டு வரை. விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். என் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்தது. நகத்தைச் சுற்றித் தக்காளித் தழையின் கறுப்புப்பச்சைக் கறை, கட்டைவிரலில் ஒரு வெடிப்பு. வெடிப்புக்குள் மண் இருந்தது.