குரங்கின் இடது கை

தைத்து முடித்த திரைச்சீலைகளைக் கொடுக்க விடுதிக்குப் போன தையற்காரி, கூடத்துச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த படத்தின் முன் நின்றுவிட்டாள். மழைக்காட்டு மரங்களுக்கு நடுவே, ஆள் உயரத்தில், கறுப்பாக ஒன்று நடந்து போகிறது. யாரும் கண்டிராத அந்தப் பெருங்குரங்கு கடைசியில் கேமராவில் சிக்கிவிட்டதாம். அதைத் தேடி வந்தவர்களால் விடுதி நிரம்பி வழிந்தது. டீக்கடைக்காரருக்கும் ஜீப்காரர்களுக்கும் தலைக்கு மேல் வேலை.

அவள் கண் மட்டும் குரங்கின் இடது கையிலேயே ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் ரோமம் கீழ்நோக்கிப் படிந்திருக்க, அந்தக் கையில் மட்டும் மேல்நோக்கிச் சிலிர்த்திருந்தது.

கொஞ்ச நாள் முன்பு விடுதிக்காரர் ரோமத்துணி ஒன்றைக் கொண்டுவந்து, அளவும் எழுதிக் கொடுத்து, பள்ளி நாடகத்துக்குக் கரடி வேஷம் தைக்கச் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு இவ்வளவு நீளக் காலா என்று கேட்டதற்கு, வாத்தியார் நடிக்கிறார் என்று சிரித்தார். துணி பற்றவில்லை. நாடகத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று இடது கையை மட்டும் தலைகீழாக வெட்டி ஒப்பேற்றினாள்.

ஒரு தோள் இறங்கிய அந்த அளவு யாருடையது என்று இப்போதுதான் உறைத்தது. இதே விடுதியில் வேலை பார்க்கும் அவள் தம்பியுடையது. சாயங்காலமானால் எங்கேயோ போய் முழங்கால் சேற்றோடு திரும்புகிறவன், கேட்டால், "அக்கா, உனக்கு ஊசியப் பாத்தாலும் சந்தேகம், நூலப் பாத்தாலும் சந்தேகம்" என்று மழுப்புவான்.

பக்கத்து மேசையில் ஒரு விருந்தாளி துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். படத்தை எவனும் நம்ப மாட்டான், உடம்பு வேண்டும் என்றார். பொழுது சாயும்போது ஓடைக்கரையில் பதுங்கப் போகிறாராம்.

தம்பி எங்கே என்று விடுதிக்காரரிடம் கேட்டாள். சந்தைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று சந்தையே கிடையாது. துப்பாக்கியைக் காட்டினாள். அதெல்லாம் வெறும் பந்தா, பேசாமல் போ என்று கிசுகிசுத்தார்.

அவள் துப்பாக்கிக்காரரிடம் போனாள். "அது குரங்கு இல்லீங்க. நான் தச்ச உடுப்பு. உள்ள இருக்கறது என் தம்பி."

"பாவம், அந்தம்மா கொஞ்சம் ஒரு மாதிரி," என்று விடுதிக்காரர் சிரித்தார். இரண்டொருவர் கூடச் சிரித்தார்கள்.

அவள் பையிலிருந்து ஊசி குத்தி வைக்கும் மெத்தையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். அந்த ரோமத்துணியில் வெட்டி மிஞ்சிய துண்டில் தைத்தது. துப்பாக்கிக்காரர் அதைக் கீழே தடவினார், மேலே தடவினார். படத்தின் இடது கையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய், தோட்டாக்களைக் கழற்றி மேசையில் வைத்தார். விடுதிக்காரருக்குச் சமையலறையில் திடீரென்று வேலை வந்துவிட்டது.

வேறு யாரிடமாவது துப்பாக்கி இருக்குமோ என்ற பயத்தில் அவள் ஓடைக்கரைக்கு ஓடினாள். "டேய் மொட்டை!" என்று தம்பியின் சின்ன வயசுப் பெயரைச் சொல்லிக் கத்தினாள். புதருக்குள்ளிருந்து உடம்பெல்லாம் ரோமமாய் ஓர் உருவம் எழுந்து நின்றது.

"ஏன்க்கா மானத்த வாங்கற?"

நடந்ததைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "எல்லாரு பொழப்பும் போச்சேக்கா. சும்மா ஒரு பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான்.

அவள் இடது கையின் தையலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "சொல்றவங்களுக்குத்தான்டா அது பொய். நம்புறவங்களுக்கு உசுருள்ள குரங்கு. நம்பினவன் துப்பாக்கியோட வந்தா, குண்டு பொய்யிலயா பாயும்?"